பதினாலாவது ஊர்

நீல அட்டைப் புத்தகம்.
எழுபத்தெட்டில் அச்சானபோது
இருபத்தொரு கடலோர ஊரும்
ஒரே நாளில் கையெழுத்துப் போட்டன என்பார்கள்.
நாலாம் விதிக்கு நாலே சொல்:
உறுப்பினர் என்பார் படகு உடையவர்.

நான் உடையது
ஒரு முங்கு கண்ணாடி,
விரலில் சுற்றக் கிழிந்த துணி,
பாதத்தில் கட்ட அலுமினியத் தகடு இரண்டு,
ஒரு வலைப்பை.
பையில் மரிக்கொழுந்துப் பாசி ஏறும்,
வியாபாரி தராசில் எடை குறையும்,
மிச்சத்தில் இருபது ரூபாய்
மாதாமாதம் கூட்டமைப்புக்குச் சந்தா.
ரசீதில் என் பேர் நம்புத்தாய்.
வாக்குப் பட்டியலில்
அந்தப் பேரே இல்லை.

நிர்வாகக் குழுவிடம் மூன்று தடவை கேட்டோம்.
முதல் தடவை டீ கொடுத்தார்கள்.
அடுத்த தடவை, அடுத்த கூட்டத்தில் என்றார்கள்.
மூன்றாம் தடவை
தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
நாங்கள் எழுந்து வரும்வரை
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி கித்தேரி
புத்தகத்தைப் பின்னாலிருந்து படித்தாள்.
முப்பத்தொன்றாம் விதி, எறும்பு எழுத்து.
மூன்றில் இரண்டு பங்கு ஊர்கள் எழுதிக் கேட்டால்
ஊர்களின் மாநாடு கூட்டப்படும்.
"கூட்டலாம்னு இல்லடி,
கூட்டப்படும்னு போட்டிருக்கு."
ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு
இத்தனை சிரித்தது அன்றைக்குத்தான்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் முங்க முடியாது.
பஸ் ஏறினோம்.
ஓர் ஊரில் எங்களை வெயிலில் நிறுத்தி
நிழலில் தீர்மானம் போட்டார்கள்.
கீழக்கரைப் பக்கம் மீரான் மரைக்காயர்
எங்கள் தாளில் கோரிக்கை என்ற சொல்லை அடித்து
உரிமை என்று மேலே எழுதினார்.
மை ஊறி மறுபக்கம் தெரிந்தது.
நாலு ஊர் முடியாது என்றது.
மூன்று ஊர் கேட்டையே திறக்கவில்லை.
கையில் பதின்மூன்று.

கித்தேரியின் புருஷனுக்கு நாட்டுப்படகு.
சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:
"நாலாம் விதிக்குன்னு கதவைத் திறக்கிறீங்க.
ஒன்பதாம் விதிக்கு எவன் நுழைவான்?"
ஒன்பதில்தான்
விசைப்படகுக்கு மூன்று நாள்,
எங்களுக்கு நாலு நாள்.
புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தோம்.
மாநாட்டுக்குக் கதவு இருந்தது.
தாழ்ப்பாள் எந்தப் பக்கத்திலும் இல்லை.
திருத்தம் நிலைக்கப் பதினாறு ஊர் ஒப்ப வேண்டும்,
அவ்வளவுதான்.
எங்களுக்கும் பதினாறு.
அவர்களுக்கும் அதே பதினாறு.

பதினாலாவது, விசைப்படகு ஊர்.
போகவே வேண்டாம் என்றிருந்தோம்,
அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.
ஐஸ் கம்பெனி மாடியறை.
செயலாளர் ரோமால்டு எழுந்து நின்று வரவேற்றார்.
தட்டச்சுத் தாள், முத்திரை, கவர்,
எல்லாம் தயார்.
படித்தேன்:
'பொதுவாக விதிகளைத் திருத்தும் பொருட்டு.'
நாங்கள் கொடுத்த மாதிரியில் இருந்த
நாலு என்ற எண்ணைக் காணோம்.
"பதினாலு ஆச்சே தாயி,
சந்தோஷந்தானே?"

பாம்பன் பாலம் தாண்டும்வரை
கித்தேரி பேசவில்லை.
கவர் என் மடியில், ஐஸ் மாதிரி.
கிழித்து ஜன்னல் வழி விட்டால்
கடல் வாங்கிக்கொள்ளும்.
விட்டால் இன்னொரு ஊர் எங்கே இருக்கிறது?

கலங்கல் தண்ணீரில் கண் உதவாது.
கல்லிடுக்குக்குள் கைதான் முதலில் போகும்.
பாசியும் இருக்கும்,
திருக்கையும் படுத்திருக்கும்.
என் இடதுகைத் தழும்பைக்
கித்தேரியும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

திங்கட்கிழமை
மேசையில் பதினாலு கவரையும் அடுக்கினேன்.
எழுத்தர் எண்ணினார்.
எச்சில் தொட்டு மறுபடி எண்ணினார்.
ரசீதில் ஒரு கட்டம்: கொடுப்பவரின் உறுப்பினர் எண்.
"என்னம்மா எழுத?"
"காலியா விடுங்க," என்றேன்.
"கோடு மட்டும் போட்டுடாதீங்க."